முழுக்குக்கு ஒரு பரிசு



சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மருத்துநீர் கொடுப்பார்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, இவற்றோடு பாலும் சேர்த்துக் காய்ச்சிய நீர் அது. செம்பிலோ போத்திலிலோ வாங்கி வந்து, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் தலையிலும் வைத்துவிடுவார். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்பதைப் பஞ்சாங்கம் பார்த்து வைத்து, பிறகு முழுகுவோம். கலியாண வீட்டிலும் அப்படித்தான். பாலும் அறுகும் தலையில் வைத்து, உறவினர் ஒவ்வொருவராக வந்து முழுக வார்ப்பார்கள். குளிப்பதற்கு ஒன்றைச் செய்து இன்னொருவருக்குக் கொடுப்பது இந்த மண்ணில் அன்பு காட்டும் பழைய வழி.

இன்று நான் பேச வந்தது அதே வழியில் வரக்கூடிய ஒரு புதிய பொருளைப் பற்றி. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் சொந்தக்காரரின் பெட்டியில் சில வேளை வண்ண உருண்டை ஒன்று இருக்கும். தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு நுரைத்துக் கரையும், வாசம் பரவும். பாத் பொம் என்பார்கள். நான் நுரை உருண்டை என்று சொல்கிறேன். 1989ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மோ கொன்ஸ்டன்டைன் என்ற பெண்மணி தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் முதன்முதலில் இதைச் செய்தார். தண்ணீரில் போட்டால் பொங்கும் அல்கா செல்ட்சர் மாத்திரையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பின்னாளில் லஷ் என்ற பெரிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அடிப்படையில் இது குசினியிலேயே செய்யக்கூடிய பொருள்தான்.

நுரைப்பதற்குத் தேவையானவை இரண்டே இரண்டு: அப்பச்சோடா, சித்திரிக்கமிலம். பாடசாலையில் சோடியம் இருகாபனேற்று என்று படித்தோமே, அதுதான் அப்பச்சோடா. சித்திரிக்கமிலம் தேசிக்காய்ப் புளியில் இருக்கும் அதே அமிலம். கேக் சாமான் விற்கும் கடைகளில் வெள்ளைப் பளிங்குத் தூளாகக் கிடைக்கும். உலர்ந்த நிலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் தாக்கம் தொடங்கி, காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும். வயிற்றுக்கு ஈனோ கரைத்துக் குடிக்கும்போது பொங்குவதும் இந்தத் தாக்கம்தான்.

இந்த வாயுவுக்கும் நம் குடாநாட்டுக்கும் பழைய உறவு உண்டு. நாம் குடியிருப்பது சுண்ணாம்புக்கல்லின் மேல். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் இந்த வாயுவை ஏந்திக்கொண்டு போய், கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளையும் நிலத்தடி வழிகளையும் உண்டாக்கியது. புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணறு அப்படி வந்தது. கடலோரத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லின் வழியாக வரும் நீரால் நிறைகிறது. கரைந்த சுண்ணாம்புதான் நம் கிணற்றுத் தண்ணீரை வன்னீராக்குகிறது. சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதனால்தான். அந்தப் படிவின் மேல் தேசிக்காயைப் பிழிந்து பாருங்கள். சிறு சிறு குமிழிகள் கிளம்பும். பிள்ளைகளுக்குக் காட்டினால் இரசாயனப் பாடம் அரைவாசி முடிந்த மாதிரி.

சரி, செய்முறைக்கு வருவோம். தட்டித் தட்டி அரித்த அப்பச்சோடா 200 கிராம், சித்திரிக்கமிலம் 100 கிராம், கோன்பிளவர் மா 100 கிராம். மூன்றையும் உலர்ந்த கிண்ணத்தில் நன்றாகக் கலக்க வேண்டும். அமிலத்தூள் கண்ணிலும் மூக்கிலும் படாதபடி முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்; கையில் சிறு கீறல் இருந்தால் கையுறை போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசறுங்கள். அதன் பிறகு தண்ணீர். அதுவும் துளித்துளியாக, விரல் நுனியில் தெளிக்கும் அளவுக்குத்தான். புட்டுக்குக் குழைத்த மாவைப் போல, பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். சீறும் சத்தம் கேட்டால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். பரிசு கொடுப்பதற்கு முன்னரே அதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

கடையில் விற்கும் உருண்டை குளியல் தொட்டிக்கு ஏற்ற பெரிய உருண்டை. நம் வீடுகளில் தொட்டி இல்லை. கிணற்றடியும் வாளியும், கால் வைக்கப் பேசினும் இருக்கின்றன. ஆகவே தேசிக்காய் அளவில் பிடியுங்கள். நான் சொன்ன அளவில் பத்துப் பன்னிரண்டு வரும். ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய 3 லீற்றர் வாயு வெளிவரும்! ஒரு நாள் முழுவதும் நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். மாரிகாலத்தில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வடகீழ்ப் பருவமழை நாட்களில் காற்றே ஈரமாக இருக்கும், உருண்டை வீங்கி வெடித்துவிடும். சோளகம் வீசும் மாதங்களே இதற்கு நல்லவை.

வாசத்துக்கு வெட்டிவேர், சந்தனம், காய்ந்த தேசிக்காய்த் தோல் என்று நம்மிடம் இருப்பவையே போதும். கறுவா எண்ணெய் மட்டும் வேண்டாம், தோலை எரிக்கும். மஞ்சள் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் துவாயில் கறை பிடிக்கும். சோடா தாக்கத்துக்குத் தேவையானதைவிடக் கூட இருப்பதால் அமிலம் மிஞ்சித் தோலைக் கடிக்காது. தாக்கத்தின் முடிவில் உண்டாகும் சோடியம் சித்திரேற்று, நீரில் உள்ள கல்சியத்தைச் சிறிதளவு பிடித்து வைத்துக்கொள்ளும். நம் வன்னீருக்கு அதுவும் நல்லதுதான்.

தோட்டத்தில் நாள் முழுக்க நின்ற அப்பாவுக்கு, தையல் மெசினை மிதித்து மிதித்துக் களைத்த அக்காவுக்கு, பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிறைத்து ஒரு உருண்டையைப் போட்டுக் கொடுங்கள். நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. கால் மணி நேர ஆறுதல் தரும். அதுவே பெரிய விடயம். சலரோகம் உள்ளவர்களின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு தெரியாமல் போகலாம். காலில் புண் இருந்தாலும் ஊறவைப்பது கூடாது. அவர்களுக்கு வேறு பரிசு தேடுங்கள்.

சவர்க்காரத்தின் அருமை தெரிந்த ஊர் இது. மில்க்வைற் சவர்க்காரத்தை இங்கேயே செய்து விற்றவர் க. கனகராசா, பனை வளர்க்க வேண்டும் என்பதையும் ஊருக்கு ஓயாமல் சொல்லி வந்தவர். 1990களின் தொடக்கத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அரிதானபோது, அந்தப் பனையின் பழம்தான் துணி தோய்க்கக் கைகொடுத்தது. பனங்களி வாசத்துக்கு, கொடியில் காயும் உடுப்பைச் சப்ப மாடு வருமாம். அந்தக் காலத்தவரைக் கேட்டால் சொல்வார்கள். இருப்பதைக் கொண்டு ஒன்றைச் செய்து சமாளித்த அந்தக் கைகளுக்கு நுரை உருண்டை பிடிப்பது பெரிய காரியமே இல்லை.

கடைசியாகப் பொதி செய்வது பற்றி. உருண்டையை ஈரம் புகாத மெல்லிய பொலித்தீனில் சுற்றுங்கள். ஈரம் பட்ட உருண்டையை இறுக மூடிய கண்ணாடிப் போத்திலில் அடைக்கவே வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்தால் போத்தில் உடையலாம். பார்ப்பதற்குச் சீனி உருண்டை மாதிரி இருப்பதால், சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள். "தின்பதற்கு அல்ல, குளிப்பதற்கு" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். செய்த திகதியையும் எழுதுங்கள்; ஒன்றிரண்டு மாதத்துக்குள் பாவித்தால்தான் நன்றாக நுரைக்கும்.

சுற்றிய உருண்டையை வைப்பதற்குப் பளபளப்புப் பெட்டி தேட வேண்டாம். பனங்கட்டி வைக்கும் ஓலைக் குட்டான் அதற்கு அளவெடுத்துச் செய்தது போல் இருக்கும். குட்டான் பின்னும் பெண்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய், பேரம் பேசாமல், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.