சைலன்சரைத் தாங்கும் ரப்பர்



பழைய அம்பாசடர் காரை வாங்கி, வீட்டு வாசலிலேயே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து ஓட்டுகிறவர்களை இன்று பல ஊர்களில் பார்க்கலாம். 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. அந்தக் காரின் சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்தால், சிலர் பைப் வாங்கி, வளைத்து, வெல்டிங் வைத்துத் தாங்களே ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். பைப்பின் விட்டம் எவ்வளவு, சத்தம் எப்படி வரும் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தப் பைப்பைக் காரின் அடியில் எதில் தொங்கவிடுவது என்ற யோசனை மட்டும் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அலுப்புத் தட்டிவிடும். கையில் கிடைத்த கட்டுக்கம்பியை முறுக்கி வேலையை முடித்துவிடுவார்கள். ஹேங்கர் என்றும் சைலன்சர் ரப்பர் என்றும் பட்டறையில் சொல்கிற அந்தச் சின்னப் பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பானெட்டைத் திறந்துவைத்து, கியர் போடாமல், ஒருவரை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விடச் சொல்லுங்கள். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து மீண்டும் நிமிர்வது கண்ணுக்கே தெரியும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அது அப்படித்தான் ஆடும், ஆடவும் வேண்டும். சைலன்சர் பைப்பின் ஒரு முனை அந்த எஞ்சினில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. பாக்கிப் பைப்பை நீங்கள் பாடியோடு இறுக்கிக் கட்டிவிட்டால், எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் பைப் முறுக்கப்படுகிறது. சில மாதங்களில் ஃபிளேஞ்ச் அருகே வெல்டு விரியும், இல்லாவிட்டால் மேனிஃபோல்டு ஸ்டட் முறியும்.

இதோடு வெப்பமும் சேர்கிறது. சாதாரண இரும்புப் பைப், ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு 100 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் 1.2 மில்லிமீட்டர் அளவு நீள்கிறது. அம்பாசடரின் அடியில் ஓடும் பைப்பைச் சுமார் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 250 டிகிரி சூடேறினால் 9 மில்லிமீட்டர் நீண்டுவிடும். துருப்பிடிக்காது என்று 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் போட்டவர்களுக்கு அது 13 மில்லிமீட்டரை நெருங்கும். முன்முனை எஞ்சினோடு பிணைந்திருப்பதால், இந்த நீட்சி முழுவதும் பின்பக்கம்தான் போக வேண்டும். அதற்கு வழிவிடுகிற ஹேங்கர்தான் சரியான ஹேங்கர்.

ரப்பரில் பல வகை உண்டு. பழைய டயரைப் பட்டையாக வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். உள்ளே நூல் இழை இருப்பதால் டயர் பட்டை லேசில் அறுந்துவிடாது. ஆனால் அது அவ்வளவாக நீளாது. எஞ்சின் அதிர்வை அப்படியே தரைத் தகட்டுக்குக் கொண்டுபோகும். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். இயற்கை ரப்பர் நன்றாக நெகிழும், ஆனால் சூட்டிலும் காற்றில் உள்ள ஓசோனிலும் சீக்கிரம் வெடித்துப்போகும். கார் கம்பெனிகள் பரவலாகப் பயன்படுத்துவது இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். ஓசோன் அதை அரிப்பதில்லை, 120 டிகிரி சூட்டையும் தாங்கும். அதற்கு ஆகாதது எண்ணெய். மாட்டும்போது இறுக்கமாக இருக்கிறதே என்று கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். சைலன்சருக்கு மிக அருகே, சூடு கடுமையாக இருக்கும் இடத்துக்குச் சிலிக்கோன் ரப்பர் நல்லது, விலை கூடுதல். பாலியூரித்தேன் பந்தயக் கார்களுக்குச் சரி. குடும்பத்தோடு போகிற காரில் அதைப் போட்டால், அதன் விறைப்பால் கார் முழுக்க உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

என் தேர்வு, இரண்டு துளை உள்ள கனமான இ.பி.டி.எம். ரப்பர். மேல் துளையில் பாடியின் கம்பி, கீழ்த் துளையில் பைப்பின் கம்பி. சிலவற்றின் உள்ளே சங்கிலியோ நார்ப்பட்டையோ வைத்திருப்பார்கள். ரப்பர் கிழிந்தாலும் பைப் சாலையில் விழாது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டு பக்கமும் போல்ட் வைத்து நடுவில் ரப்பர் உருளை ஒட்டிய வகையைப் பைப்பைத் தொங்கவிட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உலோகமும் ரப்பரும் ஒட்டிய இடத்தில் அது பிய்ந்தால், தடுக்க வேறொன்றும் இல்லை.

அடுத்தது கம்பி. 10 அல்லது 12 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பி வேண்டும், ரப்பரின் துளை எதுவோ அந்த அளவுக்கு. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பைப்பில் கம்பியின் முனையை மட்டும் வைத்து ஒட்டினால், ஆட ஆட வெல்டுக்குப் பக்கத்தில் பைப்பே கிழியும். கம்பியை வளைத்து, நான்கைந்து சென்டிமீட்டர் பைப்பின் மேல் படுக்கவைத்து வெல்டு செய்யுங்கள். ரப்பருக்குள் நுழையும் பகுதி காரின் நீளவாக்கில் இருக்கட்டும். அப்போதுதான் பைப் நீளும்போது கம்பி ரப்பருக்குள் வழுக்கிச் செல்லும். முனையில் ஒரு வாஷரும் காட்டர் பின்னும் போட்டால் ரப்பர் கழன்று வராது. கால்வனைஸ் செய்த கம்பியை மட்டும் தொடாதீர்கள். வெல்டு வைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

எங்கே வைப்பது? முதல் பிடியைக் கியர்பாக்ஸில் அமைத்தால், அது எஞ்சினோடு சேர்ந்தே ஆடும், பைப்பை முறுக்காது. அதன்பின் சைலன்சருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, வால் பைப்புக்கு ஒன்று. அம்பாசடருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகட்டில் துளையிட்டு மாட்டினால் அந்தத் தகடு மத்தளம் போல அதிரும். குறுக்குச் சட்டம், பெட்டி போல மடித்த கனமான பகுதி, இப்படிப் பார்த்து போல்ட் போடுங்கள். பின் ஆக்ஸிலில் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த அந்த ஆக்ஸில் பள்ளம் மேடுகளில் மேலே எழும்பும். ஆகவே சக்கரங்கள் காரின் எடையைச் சுமந்திருக்கும் நிலையில் அளவெடுத்து, ஆக்ஸில் முழுதாக மேலே வந்தாலும் பைப்பில் இடிக்காத இடைவெளி விடுங்கள். பிரேக் ஹோசும் பெட்ரோல் பைப்பும் போகும் பாதையையும் பாருங்கள். முதலில் புள்ளி புள்ளியாக டேக் வெல்டு மட்டும் வைத்து, கையால் சைலன்சரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எங்கும் தட்டாவிட்டால் முழு வெல்டு. டேக் வைப்பதற்கு முன்பே பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கீழ்க்கம்பி மேல்கம்பியைவிடச் சற்று முன்னால் இருப்பது நல்லது, சூடேறியதும் நேராகிவிடும்.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். இறுக்கிக் கட்டிய பைப் விரிசல் விடுவது காருக்கு அடியில். வெளியேறும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். பழைய காரின் தரையில் துரு தின்ற ஓட்டைகள் இருக்கும். பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

புகை போகும் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை: வால் பைப்பின் வாயைக் கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ திருப்பாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

மாட்டிய பிறகும், எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும், கார் நன்றாகக் குளிர்ந்த பின், அடியில் கைவிட்டு ரப்பரைப் பெருவிரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய கோடு கோடாக வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். புதிதாகச் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பைப்பை வளைக்கக் கொடுப்பதற்கு முன்பே ரப்பர்களை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அளவுக்குக் கம்பியையும் இடத்தையும் முடிவு செய்துவிட்டு, அதன்பிறகு வெல்டிங் மெஷினைப் போடுங்கள்.