நடந்தால்தான் முட்டிக்குச் சத்து
(திருப்பருத்திக்குன்றம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்று நம்ம கால்களைப் பற்றிப் பேசுவோம். குழித்தறியை விட்டு எழும்போது "ஐயோ முட்டி" என்று சொல்லாதவர் நம்மில் யார்?

நிற்கும்போது கால் சும்மா இல்லை. உடம்பு முன்னால் சாயாமல் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது. நடக்கும்போது அதே சதை சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரு காலைத் தூக்கினால் மொத்த பாரமும் மறுகாலில். அப்போது முட்டி மடங்கிவிடாமல் தாங்குவது முன்தொடைச் சதை.

முட்டிக்குள் எலும்பு முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கு. அதுக்கு ரத்தக்குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விரிந்து, மூட்டு நீரிலிருந்துதான் சத்து எடுக்குது.

தறியில் மிதியை மிதித்தாலும் முட்டி மணிக்கணக்கில் மடங்கியே இருக்கு. தொடைச் சதைக்கு வேலை குறைவு. அது தளர்ந்தால் பாரம் முட்டிக்கு ஏறும். "வலிக்குதா, நடக்காதே" என்று உட்கார்ந்தே இருந்தால் இன்னும் தளரும். அப்புறம் தறியில் இறங்க முடியாது, கூலியும் போகும்.

மணிக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நடப்போம். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணி இறக்குவோம். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. சாயங்காலம் ஜைனக் கோயில் வரை சேர்ந்து நடப்போம்.

வீக்கம், சூடு, அடிபட்ட வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் போகணும். நடக்க முடியாத பெரியவங்க வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சை பற்றி அங்கே கேளுங்க.

ஒவ்வொரு குழுவும் செய்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்க.