யாயிரின் மகளும் நம் பெண்பிள்ளைகளும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் யாயிர் என்ற தொழுகைக்கூடத் தலைவரைச் சந்திக்கிறோம். ஊரில் பெரிய மனிதர். அவர் அத்தனை கூட்டத்தின் நடுவிலும் இயேசுவின் காலில் விழுகிறார். யாருக்காக? சாகக் கிடக்கும் தம் மகளுக்காக. அவளுக்கு வயது 12 என்பதை நற்செய்தியாளர் மறக்காமல் குறிப்பிடுகிறார். அந்தக் காலத்து யூதக் குடும்பங்களில் அது பெண்ணுக்குத் திருமணப் பேச்சு எடுக்கும் வயது. மகளுக்கு நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே, நாளைக்கு யார் அவளைக் கட்டிக்கொள்வார்கள் என்று அந்தத் தகப்பன் தயங்கவில்லை. தெருவிலே, எல்லாரும் பார்க்க, வாய்விட்டுக் கேட்டார்.

இந்தத் தகப்பனை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறவியிலேயே இதயத்தில் குறையோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி இன்று சிந்திப்போம். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டு ஒன்பது பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. அப்படியானால் ஒரு பெரிய பங்கில் ஆண்டுதோறும் திருமுழுக்குப் பெறும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்காவது இருக்கக்கூடும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு உண்டா என்று கேட்டால், உண்டு. இதயத்தின் மேலறைகளுக்கு இடையேயான சுவரில் துளை இருப்பது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஓர் இரத்தக்குழாய் மூடாமலே இருந்துவிடுவதும் அப்படித்தான், பெண்பிள்ளைகளிடமே அதிகம். மாறாக, இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்கள் இடம் மாறிப்போவதும், பெருந்தமனி குறுகிப்போவதும், அதன் வால்வு சரியாகத் திறக்காததும் ஆண்பிள்ளைகளிடம் கூடுதல். ஆண்பிள்ளைகளுக்கு வருபவை பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலோ மாதங்களிலோ தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பெண்பிள்ளைகளிடம் அதிகமாகக் காணும் மேலறைத் துளையோ ஓசையில்லாமல் இருக்கும். பிள்ளை ஓடுவாள், பள்ளிக்குப் போவாள், பாடகர் குழுவில் பாடுவாள். இருபது வயதுக்கு மேல், சில நேரம் முதல் பிரசவத்தின்போதுதான் மூச்சு வாங்கும். அப்போதுதான் துளை இருப்பதே தெரியவரும்.

இதுவரை சொன்னது இயற்கை செய்த வேறுபாடு. இனிச் சொல்லப்போவது நாம் செய்கிற வேறுபாடு.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. இதய அறுவைச் சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட 405 பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்தார்கள். ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 70 பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பெண்பிள்ளைகளில் 44 பேருக்குத்தான். ஒரே மருத்துவமனை, ஒரே ஆலோசனை. எங்கே நின்றுபோயிற்று? வீட்டில். பணம் ஒரு காரணம்தான். ஆனால் அதே பணமுடையில்தான் மகனுக்குக் கடன் வாங்குகிறோம். மார்பில் தழும்பு விழுந்தால் பெண்ணைக் கரையேற்ற முடியாதே என்ற அச்சமும் அந்தக் கணக்கில் இருந்தது. டெல்லியில்தானே என்று நாம் தள்ளிவிட வேண்டாம். 'கரையேற்றுவது' என்பது நம் தமிழ்ச் சொல்தானே?

இந்த மருத்துவம் தொடங்கிய கதையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 1938 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தலைமை மருத்துவர் விடுப்பில் இருந்த சமயம், ராபர்ட் கிராஸ் என்ற இளம் மருத்துவர், மூடாத அந்த இரத்தக்குழாயை முதன்முதலாக வெற்றிகரமாகக் கட்டி அடைத்தார். படுத்திருந்தவள் 7 வயதுச் சிறுமி. 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாய்ந்த குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. பதினைந்து மாதப் பெண்குழந்தை. எடை ஐந்து கிலோகூட இல்லை. அதற்கு வழி சொன்னவர் ஹெலன் தாசிக் என்ற பெண் மருத்துவர். காது கேட்பது பெருமளவு குறைந்துபோனவர். குழந்தைகளின் மார்பில் விரல் வைத்தே இதயத்தை அறிந்தவர். கத்தி பிடித்தவர் ஆல்பிரட் பிளேலாக். அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் அசைவுக்கும் யோசனை சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அந்தக் குழந்தை அதன்பின் சில மாதங்களே வாழ்ந்தது என்றாலும், அவளால் திறந்த வழியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள். 1952-இல் மினசோட்டாவில் உடலைக் குளிர்வித்து மேலறைத் துளையை மூடியதும் ஐந்து வயதுச் சிறுமிக்கு. 1953 மே 6 அன்று ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றி கண்டதும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம்.

நான்கும் பெண்பிள்ளைகள். அவர்கள் உடலில் விழுந்த தழும்புகளால் கற்றுக்கொண்ட மருத்துவம் இன்று நம் மகன்களுக்குக் கிடைக்கிறது. நம் மகள்களுக்குத்தான் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறோம்.

அடுத்த ஆண்டு என்று தள்ளுவதில் என்ன ஆபத்து? பெரிய துளை இருந்தால், பாய வேண்டியதைவிட அதிகமான இரத்தம் நுரையீரலுக்குப் பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கிய குழாய்கள் தடித்துப்போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு துளையை அடைக்கவே இயலாது என்று மருத்துவர் கைவிரித்துவிடுவார். அந்த நிலையில் பெண் கருவுற்றால் தாயின் உயிருக்கே ஆபத்து. நல்ல உடலுக்கே கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. குறையுள்ள இதயம் என்ன செய்யும்? திருமணம் நடக்க வேண்டுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கும் மறைத்து, மணமேடையில் மகளை நிறுத்தினால், அவளை நாம் எங்கே அனுப்புகிறோம்?

தழும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலறைத் துளைகள் பலவற்றையும், மூடாத அந்தக் குழாயையும், தொடைப்பக்க இரத்தக்குழாய் வழியாகச் சிறு கருவியைச் செலுத்தி இன்று அடைத்துவிடுகிறார்கள். மார்பைத் திறப்பதே இல்லை. எல்லாத் துளைக்கும் இது பொருந்தாது. கீழறைகளுக்கு இடையே உள்ள சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. எது யாருக்கு என்று இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல.

இன்னொன்று. குழந்தைக்கு இதயத்தில் குறை என்றவுடன் மருமகளை நோக்கி விரல் நீளும். எந்தப் பாவம், எந்தச் சாபம் என்று பேச்சு கிளம்பும். பிறவியிலே பார்வையற்ற மனிதரைக் கண்டபோது சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட மருத்துவர்களாலேயே முடிவதில்லை. மாமியார்மாரே, அந்தப் பெண் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறாள். முடிந்தால் மருத்துவமனைக்கு அவளோடு துணைக்குப் போங்கள்.

எதைக் கவனிப்பது? பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றி வியர்க்கும். இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்தும். எடை கூடாது. அடிக்கடி சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கும். உதடும் நாக்கும் நகமும் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் அன்றைக்கே புறப்படுங்கள். அரசின் நடமாடும் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். அன்றைக்குப் பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனால், இதய ஸ்கேனுக்கும் மேல் சிகிச்சைக்கும் வழி சொல்வார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் பிள்ளைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கும் அது உதவும். போகும்போது அந்த அட்டையையும், குடும்ப அட்டையையும், ஆதாரையும், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.