வண்டி வாங்கும் முன் ஒரு கணக்கு
(உழவர்களுக்கு ஆற்றிய உரை)



"வேலைக்கு ஓட்டுவதற்கு உங்களுக்கு எந்த வண்டி பிடிக்கும்?" என்று நம் கொங்கு நாட்டுச் சிற்றூர் எதிலாவது கேட்டுப் பாருங்கள். பெரியவர் காங்கேயம் காளை பூட்டிய வண்டி என்பார். அவர் மகன் டிராக்டர் என்பார். பேரன் குட்டி யானை என்பான். சங்கத்துக்குப் பால் ஊற்றப் போகும் அம்மாவோ, மொபெட் ஒன்று போதும் என்பார். இந்த நால்வரில் யார் சொல்வதும் தவறில்லை. ஆனால் வாங்குவது என்று வரும்போது, பிடித்த வண்டி எது என்று மட்டும் பார்த்தால் போதாது. நம் நிலத்தில் அந்த வண்டிக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆசைக்குக் காரணம் உண்டு

டிராக்டர் மீது உழவருக்கு ஆசை வருவது இயல்பே. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பை ஒரு முறை போனால் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் கீறும். அப்படியானால் ஒரு ஏக்கரை ஒரு சால் உழுது முடிக்க ஏர் பிடித்தவர் 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலம் உழும் பவர் டில்லரின் பின்னால் சென்றால் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடை. இரண்டு மீட்டர் அகலக் கலப்பை பூட்டிய டிராக்டருக்கு 2 கிலோமீட்டர்தான், அதுவும் உட்கார்ந்தபடியே. வெயிலில் நடந்து தேய்ந்த கால்கள் டிராக்டரைக் கேட்பதில் வியப்பில்லை.

காளையின் இடம்

ஒரு காலத்தில் கொங்கு நாட்டுக் காளைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. காலையில் கிணற்றுமேட்டில் கவலை இறைக்கும். பருவத்தில் ஏர் உழும். சந்தை நாளில் வண்டி இழுக்கும். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. மோட்டார் பம்புகள் பெருகப் பெருகக் கிணற்று வேலை காளையை விட்டுப் போயிற்று. பின்னர் டிராக்டர் வந்து உழவையும், லாரி வந்து சந்தைப் பாரத்தையும் எடுத்துக்கொண்டன. காளை வலிமை குன்றியதால் இந்த மாற்றம் வரவில்லை. அதன் வேலை நாட்கள் குறைந்தன. தீனி நாட்கள் மட்டும் 365 ஆகவே நின்றன.

ஒரு சோடிக் காளையின் தொடர்ச்சியான இழுவைத் திறன் சுமார் ஒரு குதிரைத்திறன்தான். ஆயினும் பயிர் வரிசைக்கு இடையே களை உழவும், ஈர நிலத்தை அமுக்காமல் விதைக்கவும், எருவைக் களத்துக்குள் கொண்டு சேர்க்கவும் அது இன்றும் நல்ல துணையே. எரிபொருள் கடையில் வாங்க வேண்டியதில்லை, சாணமும் கிடைக்கும். கொழுக்கட்டைப் புல் விளையும் கொரங்காடு உடையவர்கள், வீட்டிலேயே காளை பழக்கத் தெரிந்தவர்கள், இரண்டு மூன்று ஏக்கருக்குக் காளை வைத்துக்கொள்வது அறிவுடைமையே. தீனியை முழுவதும் விலைக்கு வாங்குவோர் நன்கு யோசிக்க வேண்டும்.

டிராக்டருக்கு ஒரு கணக்கு

இனி டிராக்டருக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். உங்கள் ஊர் விலையை இதில் நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

டிராக்டரின் விலை ரூ.7,00,000 என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து விற்றால் ரூ.70,000 கிடைக்கும் என்றால், ஆண்டுத் தேய்மானம் ரூ.63,000. போட்ட முதலின் சராசரி ரூ.3,85,000-க்கு 10 சதவீத வட்டி ரூ.38,500. காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு விலையில் 2 சதவீதம், அதாவது ரூ.14,000. ஆக மொத்தம் ரூ.1,15,500. டிராக்டர் ஓடினாலும் நின்றாலும் ஆண்டுதோறும் ஆகும் செலவு இது. டீசல் இதில் சேரவில்லை.

ஐந்து ஏக்கர் உடைய சிறு உழவருக்கு உழவு வேலை எவ்வளவு? ஏக்கருக்கு ஒரு உழவு ஒன்றேகால் மணி, பயிருக்கு நான்கு உழவு, ஆண்டுக்கு இரண்டு பயிர் என்றால் 50 மணி நேரம். ரூ.1,15,500-ஐ 50-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.2,310 ஆகிறது. அதே டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் இச்செலவு மணிக்கு ரூ.115.50-தான். பொறியும் சக்கரமும் ஒன்றே; ஓடும் நேரம்தான் வேறு. வேலையில்லாத டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்துவது யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாகும்.

சொந்தமா, வாடகையா என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஊரில் வாடகை மணிக்கு ரூ.1,000 என்றும், சொந்த டிராக்டருக்கு டீசல், எண்ணெய், பழுது ஆகியவற்றுக்கு மணிக்கு ரூ.500 ஆகிறது என்றும் கொள்வோம். மணிக்கு ரூ.500 மிச்சம். ரூ.1,15,500-ஐ 500-ஆல் வகுத்தால் 231 வருகிறது. ஆண்டுக்கு 231 மணி நேரத்துக்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்த டிராக்டர் கட்டுபடியாகும். அதற்குக் குறைந்தால் வாடகையே மேல். கடன் தவணையோ மழை பெய்ததா, மஞ்சள் விலை விழுந்ததா என்று பார்த்து வருவதில்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வாடகையும் கூட்டும்

வாடகை என்றால் பருவத்தில் வண்டி கிடைப்பதில்லை என்று சொல்வீர்கள். அது நியாயமான குறைதான். ஒரே மழைக்கு ஊரே உழவுக்கு நிற்கும். இதற்கு வழி, பத்துப் பதினைந்து உழவர்கள் சேர்ந்து முன்கூட்டியே வரிசை பேசிக்கொள்வது. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இயந்திரங்களை வாடகைக்குப் பெறலாம். 2018-இல் வந்த உழவன் செயலியில் இயந்திர வாடகை விவரங்களைக் கைபேசியிலேயே பார்க்கலாம்.

2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு உழவர் கொண்ட குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டது. அதில் இயந்திரங்கள் வாங்கிப் பொதுவில் பயன்படுத்தினார்கள். ஐந்து ஏக்கருக்கு 50 மணி வேலை என்றால், அத்தகைய இருபது பேருக்கு 1,000 மணி. தனியாளுக்குச் சுமையாகும் டிராக்டர் கூட்டுக்கு வருமானமாகிறது. ஆனால் ஓட்டுபவர் யார், பழுதுக்குப் பணம் யார் தருவது, யார் நிலம் முதலில் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளாத கூட்டு, அடுத்த பருவம் வரை நீடிக்காது.

நிலத்தையும் தடத்தையும் அளந்து பாருங்கள்

ஆழ உழ வேண்டிய கரிசல் நிலத்துக்கு வலுவான டிராக்டர் தேவை. பொள்ளாச்சிப் பக்கம் 25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில் சிறு டிராக்டரே எளிதாகத் திரும்பும். நெல் வயலுக்கும் சிறு பாத்திகளுக்கும் பவர் டில்லர் பொருந்தும். ஆனால் நடையும் கை அதிர்வும் உண்டு என்பதால் ஓட்டுபவர் இடையிடையே ஓய்வெடுக்க வேண்டும். கிளுவை வேலி போட்ட இட்டேரி வழியாகத்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், மிகக் குறுகிய இடத்தின் அகலத்தை நாடாவால் அளந்த பிறகு கடைக்குப் போங்கள். டிரெய்லரோடு திரும்ப முடியாத டிராக்டரால் பயன் பாதிதான்.

தினமும் ஓடும் வண்டி

கோவையை அடுத்த கலங்கலில் உழவர் குடும்பத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள், 1920-இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அந்த ஒன்றிலிருந்து பெரிய பேருந்து நிறுவனமே வளர்ந்தது. நாள்தோறும் ஓடும் வண்டியே உடையவருக்குச் சோறு போடும் என்பதற்கு இது சான்று.

நம் தோட்டத்தில் நாள்தோறும் ஓடக்கூடியது எது? பால் கேன், தீவனக் கட்டு, உர மூட்டை, உழவர் சந்தைக்குப் போகும் காய்க் கூடை, இவற்றைச் சுமக்கும் வண்டிதான். ஓசூரிலிருந்து 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் அதன் வழிவந்த வண்டிகளும் சிறு உழவரின் கைவண்டி போலவே ஆகிவிட்டன. தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஆண்டுக்கு 365 மணி! 2005-இல் வந்த குட்டி யானை முக்கால் டன் சுமக்கும். ஆனால் அது தனி வீட்டுக் காய்கறிக்கு அதிகம். நாலைந்து வீட்டுக் காய்கறியைச் சேர்த்து ஏற்றினால் கட்டுபடியாகும்.

உயிர் முதலில்

எந்த வண்டியை ஓட்டினாலும், மாலையில் ஓட்டியவர் வீடு திரும்ப வேண்டும். நம் பகுதியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இன்னும் உள்ளன. கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

1. கிணற்று ஓரத்திலும் வரப்பு விளிம்பிலும் உழவை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நாலடி நிலம் உழாமல் கிடந்தால் நட்டமில்லை.

2. பாரத்தைத் தாழ்வான இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். உயரத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி, குதிக்கக்கூட நேரமின்றி டிராக்டர் பின்னோக்கிக் கவிழும்.

3. மட்கார்டில் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, உட்கார வைக்காதீர்கள்.

4. சுழலும் தண்டுக்கு மூடி போடுங்கள். வேட்டியும் சேலை முந்தானையும் அதன் அருகே போகலாகாது.

5. சாலையில் போகும்போது இரண்டு பிரேக்கையும் இணைத்துப் பூட்டுங்கள். டிரெய்லரின் பின்னால் ஒளி காட்டும் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள்.

சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்று சட்டம் செய்தது. அதன் பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. நீங்களும் டிராக்டர் வாங்கும்போது இச்சட்டகத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்டகம் இருந்தால் இடுப்புப் பட்டையையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களே! முடிவாக ஒன்று சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த நாளில் எந்த வண்டி எத்தனை மணி நேரம் தேவைப்பட்டது என்று ஓராண்டுக்கு எழுதி வாருங்கள். தினமும் தேவைப்பட்டதைச் சொந்தமாக வாங்குங்கள். பருவத்தில் மட்டும் தேவைப்பட்டதை வாடகைக்கோ கூட்டாகவோ அமர்த்துங்கள். ஆசைப்பட்ட டிராக்டருக்கே அந்த நோட்டுப் புத்தகம் ஒப்புதல் தந்தால், மகிழ்ச்சியோடு ஏறி உட்கார்ந்து ஓட்டுங்கள்.