ரில்லில் காசு குறைந்தால் யார் கள்ளன்?

(லண்டனில் எமது மாதாந்தச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



"அபத்தத்தின் காலம்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அரசியலிலும் தொழில்நுட்பத்திலும் வெகுசனப் பண்பாட்டிலும் அபத்தம் பெருகிக்கொண்டு போவதைப் பற்றிக் கதைக்க வேண்டுமாம். இது கதைக்க லேசான தலைப்பு. போனை எடுத்து ஐஞ்சு நிமிசம் தட்டிக்கொண்டு போனால் நூறு உதாரணம் வரும். நான் வாசிச்சுக் காட்ட, நீங்கள் சிரிக்க, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எல்லாரும் வீட்டை போகலாம்.

ஆனால் "உலகத்துக்கு விசர் பிடிச்சிட்டுது" என்ற கதையோடு எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. விசர் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பொறுப்பாளி இல்லை. யார் கட்டினது, யார் லாபம் எடுத்தது, யார் மறியலுக்குப் போனது என்ற கேள்விகள் எல்லாம் மறைந்துவிடும். ஆகவே இன்றைக்கு ஒரேயொரு அபத்தத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். அரசியல், தொழில்நுட்பம், தொலைக்காட்சி மூன்றும் அதற்குள் இருக்கிறது. நாங்கள் வாழுகிற இந்த நாட்டில், எங்கட தெருமுனைக் கடைகளில் நடந்தது. பிரித்தானியத் தபாலகத்தின் ஹொரைசன் விவகாரத்தைத்தான் சொல்லுகிறேன்.

இந்த நாட்டில் பெரும்பாலான தபாற்கந்தோர்களைத் தபாலகம் நேரடியாக நடத்துவதில்லை. கடை வைத்திருக்கும் ஒருவர், தன் சேமிப்பைப் போட்டு, உப தபாலதிபராக நடத்துவார். தெற்காசியர் நிறையப் பேர் இந்தத் தொழிலில். எங்கட ஆக்களும் இருக்கினம். 1999இலிருந்து இந்தக் கவுண்டர்களுக்கு ஹொரைசன் என்ற கணினி முறைமை வந்தது. அதைச் செய்தது ஐசிஎல் என்ற கம்பனி. அது ஃபுஜிட்சுவுக்குச் சொந்தம். பின்னேரம் கணக்கு முடிக்கும்போது திரையில் ஒரு தொகை, பெட்டிக்குள் வேறொரு தொகை. குறைவு வந்தால் உப தபாலதிபர்தான் தன் காசிலிருந்து நிரப்ப வேண்டும்.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சின்னக் கிராமம். அங்கே ஜோ ஹமில்டன் என்ற பெண்ணுக்கு 2,000 பவுண் குறைவு காட்டியது. உதவித் தொலைபேசிக்கு எடுத்தார். அவர்கள் சொன்னபடி பட்டன்களை அழுத்த, கண்ணுக்கு முன்னாலேயே குறைவு 4,000 ஆனது. சரி, நீ அதைக் கட்டு என்றார்கள். இதைக் காஃப்கா எழுதியிருந்தால் நாங்கள் இலக்கியம் என்று பாராட்டியிருப்போம். அவருக்கு அது வழக்காகி, குற்றவாளி என்ற பெயரில் முடிந்தது.

சீமா மிஸ்ரா, சரே மாவட்டத்தில் வெஸ்ட் பைஃப்ளீட்டில் தபாற்கந்தோர் நடத்தியவர். 74,000 பவுண் களவெடுத்தார் என்று 2010இல் 15 மாதத் தண்டனை. அப்போது வயிற்றில் பிள்ளை. தீர்ப்பு நாள் மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். அந்தத் தண்டனை ரத்தாக 2021 ஏப்ரல் வரை போனது.

இப்படி 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இதில் சுமார் 700 பேர் மீது வழக்குப் போட்டது பொலிஸ் இல்லை, தபாலகமே. முறைப்பாட்டுக்காரரும் அது, புலனாய்வாளரும் அது, வழக்குத் தொடுநரும் அது. நீதிபதி வேலை மட்டும்தான் மிச்சம். அந்த வேலையிலும் சட்டம் அவர்களுக்கு ஒரு கை கொடுத்தது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தில் 69ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குற்ற வழக்கில் கணினிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டு வருபவர், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும். 1999இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அதற்குப் பிறகு பழைய அனுமானம் ஒன்று திரும்பி வந்தது: கணினி சரியாக வேலை செய்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், பிழை என்றால் அதற்கு எதிராளி ஏதாவது ஆதாரம் காட்டட்டும். யோசிச்சுப் பாருங்கோ. பென்சனுக்கு முத்திரை குத்துகிற ஒரு கடைக்காரம்மா, பன்னாட்டுக் கம்பனி ஒன்றின் மென்பொருளில் எங்கே பிழை என்று சொல்ல வேண்டும். பிழைப் பதிவுகள் கம்பனியிடம். பார்க்கக் கேட்டால் தரமாட்டார்கள். கிளையின் கணக்குக்குள் ஃபுஜிட்சு ஊழியர் தூரத்திலிருந்தே கை வைக்க முடியும் என்பதைத் தபாலகம் ஆண்டுக்கணக்காக மறுத்துக்கொண்டே இருந்தது.

"நீ செய்யவில்லை என்று நீயே நிரூபி." இது எங்களுக்குப் புதிய வசனமில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற எவருக்கும் இது தெரியும். அங்கே துவக்கோடு நின்றவர் கேட்டார். இங்கே திரை கேட்டது. திரை கேட்டால் அதை நாங்கள் நவீனம் என்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

யாரைச் சந்தேகிப்பது என்பதிலும் இந்த "நடுநிலை" முறைமை நடுநிலையாக இருக்கவில்லை. சந்தேக நபர்களை இனவாரியாக வகைப்படுத்தும்படி தபாலகப் புலனாய்வாளர்களுக்கு ஒரு ஆவணம் இருந்தது. கறுப்பின மக்களைக் குறிக்கக் காலனிய காலத்து இனச்சொல் அதில் அச்சடித்துக் கிடந்தது. 2023இல் தகவல் அறியும் உரிமையின் கீழ் அது வெளியில் வந்தபிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

இனி இதன் மையத்துக்கு வருகிறேன். இத்தனை பேருக்கு ஒரே பிரச்சினை. அப்படியிருந்தும் எப்படி இத்தனை வருசம் ஓடியது? உதவிக்கு எடுத்த பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "வேறு எவருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான்." அபத்தம் உயிர்வாழ்வது இந்த ஒரு வசனத்தில். ஒவ்வொருவரும் தன்னைத்தானே சந்தேகித்தார்கள். நான்தான் பிழையாய் எண்ணினேனோ, வேலைக்கு நிண்ட பிள்ளை எடுத்ததோ, மனுசி எடுத்தாவோ. வீட்டை ஈடு வைத்துக் கட்டினார்கள். ஊர் "கள்ளன்" என்றது. எங்கட சமூகத்தில் அந்தச் சொல் எப்படி ஒட்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; கலியாண வீட்டிலும் கோயிலிலும் பின்னாலேயே வரும். வெட்கம் ஆக்களை வீட்டுக்குள் பூட்டியது. விசாரணை ஆணைக்குழுவின் முதல் தொகுதி 2025 ஜூலையில் வந்தது. இதனால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று அது சொல்கிறது.

இதை உடைத்தது எது? வேல்ஸில் தன் தபாற்கந்தோரை 2003இல் பறிகொடுத்த அலன் பேட்ஸ் என்பவர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். 2009 மேயில் 'கொம்பியூட்டர் வீக்லி' என்ற தொழில்சார் சஞ்சிகை ஏழு பேரின் கதையைப் போட்டது. அந்த நவம்பரில் வார்விக்ஷயரில் ஃபென்னி கொம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூடினார்கள். பெரிய கூட்டம் இல்லை, இன்றைக்கு நாங்கள் இருக்கிற மாதிரித்தான். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்ல, மற்றவர் அதே கதையைத் தொடர, "எனக்கு மட்டும்தான்" என்ற பொய் அந்த மண்டபத்தில் செத்தது. 

பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்ப்புச் சொன்னார். ஹொரைசனில் பிழை இல்லை என்று தபாலகம் சாதித்தது, பூமி தட்டை என்று 21ஆம் நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்று எழுதினார். சமரசத் தொகை 5 கோடியே 77 லட்சம் பவுண். அதில் ஐந்தில் நான்கு பங்கு வழக்குச் செலவுக்கும் வழக்குக்கு முதல் போட்டவர்களுக்கும் போனது. வென்றவர்களுக்கு ஆளுக்குச் சராசரி 20,000 பவுண் அளவுதான். வென்று பார்த்தால் அதுவும் ஒரு அபத்தம்.

சரி, உண்மை நீதிமன்றத்தில் நிறுவப்பட்டாச்சு. நாடு எழும்பியதா? இல்லை. நான்கு வருசம் கழித்து, 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நான்கு இரவு ஐரிவியில் ஒரு நாடகம் போனது. ஒரு கிழமைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் ஒப்பமிட்டார்கள். தபாலகத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி போலா வெனல்ஸ் தனது சிபிஈ பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். அந்தப் பட்டம் தபாலகத்துக்கு ஆற்றிய சேவைக்கும் சேர்த்து 2019இல் கொடுத்தது. ஜனவரி பத்தாம் திகதி பிரதமர் சுனக் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் என்றார். மே மாதம் தண்டனைகள் ஒட்டுமொத்தமாக ரத்து.

நாடகம் எடுத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. நல்ல வேலை செய்தார்கள். ஆனால் இருபது வருசமாக மனு, வழக்கு, தீர்ப்பு எதற்கும் அசையாத அரசு நான்கு இரவுத் தொடருக்கு அசைந்தது என்றால், எங்களுக்கு அது என்ன சொல்லுகிறது? நாடகத்துக்குப் பொருந்துகிற முகம் உள்ளவனுக்கு நீதி உண்டு. மற்றவன் தயாரிப்பாளர் வருமட்டும் காத்திருக்க வேண்டும்.

அரசியல்வாதிகளைப் பாருங்கோ. தொழிற்கட்சி, கன்சர்வேட்டிவ், லிபரல் டெமொக்ரட், மூன்று கட்சி அமைச்சர்மாரும் இந்தப் பொறுப்பில் இருந்தவர்கள். அதில் ஒருவர் எட் டேவி. 2010இல் தன்னைச் சந்திக்கக் கேட்ட பேட்ஸுக்கு, சந்திப்பதால் பிரயோசனமில்லை என்று எழுதினார். அதே வருசம் பிறகு சந்தித்தார், 2024இல் மன்னிப்பும் கேட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருசத் தேர்தலில் அவர் என்ன செய்தார்? விண்டர்மியர் ஏரியில் பலகையிலிருந்து விழுந்தார், கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தார், கமரா முழுக்க அங்கே. கட்சிக்கு 72 ஆசனம், அவர்கள் வரலாற்றில் உச்சம். நாங்கள் சிரித்தோம், பகிர்ந்தோம். சிரிப்பில் பிழையில்லை. ஆனால் சிரிக்கிற நேரம் நாங்கள் பார்வையாளர். கேள்வி கேட்கிறவர் இல்லை.

இது பிரித்தானியாவின் தனிக்கதை என்று நினைக்காதேங்கோ. நெதர்லாந்தில் பிள்ளை பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி தேடிய முறைமை, வெளிநாட்டுக் குடியுரிமையையே ஆபத்து அடையாளமாக எடுத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கடனாளியாக்கியது. 2021 ஜனவரியில் அரசு பதவி விலகியது. அடுத்த ஜனவரியில் அதே ரூட்டே திரும்பவும் பிரதமர். அவுஸ்திரேலியாவில் 'ரோபோடெட்': வருச வருமானத்தை 26ஆல் பிரித்து, ஒவ்வொரு இரண்டு கிழமையும் அவ்வளவு உழைத்தாய், ஆகவே நீ அரசுக்குக் கடன் என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கடிதம். வேலை ஒரு மாதம் கிடைத்து மறு மாதம் கிடைக்காத ஏழையின் வாழ்க்கை அந்தக் கணக்குக்குள் இல்லை. மூன்று நாட்டிலும் ஒரே அமைப்பு. கணக்குப் பிழைத்தால் செலவு கீழே இருப்பவனுக்கு. கணக்கைப் பார்க்கும் உரிமை மேலே இருப்பவனுக்கு.

இனி எங்கட வீட்டுக்குள் வருவம். நான் பெற்றோல் செட்டிலும் கடையிலுமாகப் பதினொரு வருசம் ரில்லுக்குப் பின்னால் நின்றவன். ஒரு கடை, முதலாளி எங்கட ஆள், பேர் வேண்டாம். இரவு கணக்கு முடிக்கேக்க நாற்பது பவுண் குறைஞ்சால் அன்றைக்கு நின்ற பெடியனின் சம்பளத்தில் வெட்டு. ஏன் குறைஞ்சது என்ற விசாரணை கிடையாது. கூடினால் அது ரில்லுக்குள்ளேயே இருக்கும். ஒருநாளும் எங்களுக்கு வந்ததில்லை. சில்லறைக் கடைகளில் இப்படி வெட்டுவதென்றால் ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தின் 10 சதவீதத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடைசிச் சம்பளத்துக்குத்தான் அந்த எல்லை இல்லை. எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விசா இழுபறியில் நிற்கிற பெடியன் எந்தச் சட்டத்தைக் கதைப்பான்? தபாலகம் பெரிய அளவில் செய்ததை எங்கட முதலாளிமார் சின்ன அளவில் செய்கிறார்கள். ஹொரைசனைக் கண்டிக்கிற வாயால் இதையும் சொல்லாவிட்டால் நாங்கள் இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இன்றைக்கு இன்னும் கூடிப்போச்சு. சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகளின் கணக்கைச் செயலி பூட்டுகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாது. வதிவிட உரிமைக்குக் கையில் அட்டை இல்லை, ஈவிசாதான். திரையில் பிழை வந்தால் வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் நீங்கள் காட்ட ஒன்றுமில்லை. கணினி சரி என்ற அந்த அனுமானத்தை மாற்றுவது பற்றி அரசு 2025இல் கருத்துக் கேட்டது. கருத்துக் கேட்டதோடு சட்டம் மாறிவிடாது.

ஆகவே எந்த முறைமை வந்தாலும் நாங்கள் மூன்று கேள்வி கேட்டுப் பழக வேண்டும். இதன் பதிவுகளை யார் பார்க்கலாம்? பிழைத்தால் யார் காசு கட்டுகிறார்? இதே பிரச்சினை வேறு யாருக்கு வந்திருக்கிறது? முதல் இரண்டுக்கும் வழக்கறிஞரும் தொழிற்சங்கமும் வேண்டும். மூன்றாவதுக்கு ஒரு மண்டபமும் கொஞ்சம் கதிரைகளும் போதும்.

அதனால் என்னிடம் ஒரு பிரேரணை இருக்கிறது. மாதத்தில் ஒரு சந்திப்பை உரைகளுக்கு விடாமல் கடிதங்களுக்கு விடுவோம். செயலி பூட்டின செய்தி, சம்பளத்தில் வெட்டின துண்டு, உள்துறை அமைச்சின் கடிதம், எதுவென்றாலும் கொண்டு வாங்கோ. வெட்கப்படாமல் மேசையில் வையுங்கோ. பக்கத்தில் இருக்கிறவரும் அதே கடிதத்தைப் பையில் வைத்திருக்கலாம். தோழர்கள் சம்மதம் என்றால் வாற மாதமே தொடங்கலாம். உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.