மிதக்கும் துறைமுகம் - முடியுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதியம் சாப்பாட்டு வரிசையில் ஒரு மாணவர் கேட்டார்: "சார், கோடிகோடியாக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எதுக்கு? திறந்த கடல்லயே மிதவை மேடை கட்டிக் கப்பலை நிறுத்தக் கூடாதா?" நல்ல கேள்வி. அதையே பேசிவிடுகிறேன்.

1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் 'மல்பெரி' என்ற இரண்டு செயற்கைத் துறைமுகங்களை அமைத்தன. கடலடியில் அமர்த்திய கான்கிரீட் பெட்டிகள் ஒரு சுவர்; அதற்கு வெளியே இரும்பு மிதவைத் தடுப்புகள். ஜூன் 19-இல் புயல் பிடித்தது. மிதவைகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு கிளம்பின. அமெரிக்கர் பகுதித் துறைமுகம் சிதைந்து கைவிடப்பட்டது. அரோமாஞ்சில் இருந்தது அடிபட்டும் பிழைத்தது.

80 ஆண்டு கழித்து, 2024 மே மாதம், பசியால் வாடிய காஸா மக்களுக்கு உணவு இறக்க அமெரிக்க ராணுவம் மிதவைப் பாலம் போட்டது. சில நாட்களிலேயே அலை அதை உடைத்தது. பழுது பார்ப்பதும் கழற்றிக் கொண்டுபோவதுமாக இருந்து, ஜூலையில் மூடிவிட்டார்கள். மொத்தம் சுமார் 20 நாள்தான் வேலை நடந்தது.

காரணம் என்ன? ஒரு முகடு போய் அடுத்த முகடு வர 5 விநாடி என்றால், ஆழ்கடலில் அலையின் நீளம் சுமார் 39 மீட்டர். 10 விநாடி என்றால் 156 மீட்டர்! நேரம் இரண்டு மடங்கு, நீளம் நான்கு மடங்கு. 20 மீட்டர் அகல மிதவை அந்த நீள அலையைத் தடுக்காது. அதன் மேல் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அலை அடியில் புகுந்து போய்விடும்.

முடியவே முடியாதா என்றால், அப்படியும் இல்லை. மொனாக்கோவில் 2002-இல் அமைத்த மிதக்கும் அலைத்தடுப்பு நிற்கிறது. ஆனால் அதன் நீளம் 352 மீட்டர், எடை 1,60,000 டன்னுக்கு மேல். நம் கொச்சிக்கும் பாரதீப்புக்கும் வெளியே திறந்த கடலில், ஒற்றை மிதவையில் கட்டிய எண்ணெய்க் கப்பல் சரக்கை இறக்குகிறது. கப்பல் காற்றுக்கும் அலைக்கும் ஏற்பத் திரும்பிக்கொள்ளும். குழாய் வளைந்து கொடுக்கும். கன்டெய்னர் வளைந்து கொடுக்குமா? லாரிதான் கொடுக்குமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மிதவை மேடைக்கு "அலை ஒரு மீட்டர்தானே" என்று கையெழுத்துப் போட்டேன். எத்தனை விநாடிக்கு ஒரு அலை என்று பார்க்கவில்லை. ஒரே ராத்திரியில் சங்கிலி போய்விட்டது. மேடையில் ஆள் இல்லாதது தெய்வாதீனம்.

தம்பி தங்கைகளே, "முடியுமா?" என்று யார் கேட்டாலும், "வருஷத்தில் எத்தனை நாள் வேலை செய்யணும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த எண்ணை மறைக்காமல் சொல்வதுதான் நம் தொழில் தர்மம்.