கடிவாய் எச்சிலும் யானை இலத்தியும்

(கால்நடை வளர்ப்போர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



காலையில் பட்டியைத் திறக்கிறோம். இரண்டு ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. சிறுத்தை வந்தது என்கிறார் ஒருவர். இல்லை, நாய்க்கூட்டம் என்கிறார் இன்னொருவர். மலையடிவாரத்து ஊர்களில் இது புதிய வழக்கு அன்று. கொன்றது எது என்று தெரிவதில் நம் பணமும் அடங்கியிருக்கிறது. வனவிலங்கு கொன்ற கால்நடைக்கு வனத்துறை மூலம் இழப்பீடு பெற வழி உண்டு. நாய் கடித்துச் செத்தால் கதை வேறு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தெருநாய்களுக்கு ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதை நீங்கள் அறிவீர்கள். அதோடு, பழி தவறான விலங்கின்மேல் விழுந்தால் கூண்டு வைத்தும் பயன் இல்லை; இழப்பும் நிற்காது.

கடித்த விலங்கு தன் எச்சிலைக் காயத்தில் விட்டுச் செல்கிறது. அந்த எச்சிலில் அதன் வாய்த்தோலிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் இருக்கும். ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உண்டு. இன்ன விலங்கு, ஆணா பெண்ணா, அந்த இனத்திலும் இன்ன ஒரு விலங்குதான் என்பது வரை அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் காயத்தில் கிடைப்பது மிகமிகச் சிறிய அளவு. அதை அப்படியே படிக்க முடியாது. முதலில் பெருக்க வேண்டும்.

விதைப் பெருக்கம் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கையளவு வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று பெருக்குகிறோம் அல்லவா? 1983-இல் அமெரிக்காவின் கேரி முல்லிஸ் கண்டறிந்த முறையும் அப்படிப்பட்டதே. டி.என்.ஏ.யின் ஒரு துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது. 30 சுற்று முடியும்போது ஒன்று நூறு கோடிக்கும் மேல் ஆகிவிடும். இதற்காக அவருக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. விதைப் பெருக்கத்தில் உள்ள ஆபத்தும் இதில் உண்டு. முதல் கைப்பிடியில் நான்கு கலவன் நெல் இருந்தால் அதுவும் சேர்ந்தே பெருகும். மாதிரி எடுத்தவர் கையிலிருந்தோ வேறு விலங்கிடமிருந்தோ ஒரு துளி கலந்தால், ஆய்வகம் அதையும் பெருக்கிக் காட்டிவிடும். ஆகவேதான் பிணத்தைப் பலரும் தொட்டுப் புரட்டக்கூடாது என்கிறார்கள்.

இந்த முறை ஆட்டுப்பட்டியில் என்ன பயன் தந்தது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஹாப்லேண்டு என்னும் இடத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி, விரிவாக்க நிலையம் ஒன்று செம்மறியாடுகளை வளர்த்துவருகிறது. அங்கே கொயோட்டி என்ற விலங்கின் தொல்லை அதிகம். ஓநாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்க் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. கண்ணில் பட்ட கொயோட்டியையெல்லாம் கொன்று பார்த்தார்கள். ஆட்டிழப்பு குறையவில்லை. பிறகு செத்த ஆடுகளின் கடிகாயங்களிலிருந்து எச்சிலை ஒற்றி எடுத்து டி.என்.ஏ. ஆய்வு செய்தார்கள். முடிவு 2006-இல் வெளியானது. ஆடு கொன்றவை பெரும்பாலும் சொந்த எல்லை பிடித்துக்கொண்டு குட்டி போட்டு வளர்க்கும் இணைகளில் உள்ள ஆண் விலங்குகள். அங்குமிங்கும் அலைந்து பொறியில் எளிதாகச் சிக்கிய இளசுகள் மேல் குற்றமில்லை. அதாவது, குற்றவாளி பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க, வழிப்போக்கர்களை அடித்துக் கொண்டிருந்தார்கள்! குட்டி போட்ட இணையைக் குறிப்பாக அகற்றிய இடங்களில் ஆட்டிழப்பு சில காலத்துக்குக் குறைந்ததும் அதே நிலையத்தில் முன்பே கண்டறியப்பட்டிருந்தது.

இதில் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். காயத்தில் எச்சிலைவிட ஆட்டு இரத்தமே மிகுதி. எனவே ஆட்டின் டி.என்.ஏ.யை விட்டுவிட்டுக் கடித்த விலங்கினுடையதை மட்டும் பெருக்கும்படி ஆய்வை அமைக்கிறார்கள். அடுத்து, பிணத்தைத் தின்றது எல்லாம் கொன்றது ஆகாது. சிறுத்தை கொன்றுபோட்டதை விடியற்காலையில் நாய் வந்து இழுக்கும். உயிரோடு இருக்கும்போது பட்ட கடியில் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கன்றியிருக்கும். செத்தபின் பட்ட கடியில் அப்படி இராது. கன்றிய கடிவாயில் எடுத்த மாதிரிக்குத்தான் மதிப்பு.

ஒவ்வொரு ஆட்டுக்கும் ஆய்வகம் தேவை என்று நான் சொல்லவில்லை. தொண்டையிலோ பிடரியிலோ ஆழமான பல் துளை, பக்கத்தில் கால்தடம் இருந்தால் அனுபவமுள்ள வனக்காவலரே சொல்லிவிடுவார். நாய்கள் தொடை, விலா, காது என்று பல இடத்தில் கடித்துக் குதறியிருக்கும். ஐயம் தீராதபோதும், வழக்கு நீதிமன்றம் போகும்போதும்தான் டி.என்.ஏ. கைகொடுக்கிறது. சமைத்த இறைச்சியாக இருந்தாலும் அது மானா, ஆடா என்று பிரித்துச் சொல்லலாம். எந்த விலங்கானாலும் ஒரே முறையில் இனம் காணும் வழியை ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த சுனில்குமார் வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-இல் வெளியிட்டார்கள்.

இனி யானைக்கு வருவோம். கரும்பும் வாழையும் வைத்திருப்பவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை யானை இருக்கிறது என்று எண்ணுவதுதான் கடினம். நேற்று இந்தக் கரையில் பார்த்ததையே இன்று அந்தக் கரையிலும் எண்ணிவிட நேரும். யானை போடும் இலத்தியின் மேற்பரப்பில் வழவழப்பான படலம் இருக்கும். குடலிலிருந்து உரிந்த உயிரணுக்கள் அதில் ஒட்டியிருக்கும். புதிய இலத்தியில் அதைச் சுரண்டி எடுத்தால் இன்ன யானை என்று அடையாளம் காணலாம். யானையைப் பார்க்கவே வேண்டாம். 2021 முதல் 2025 வரை இந்தியா முழுவதும் இப்படி 21,056 இலத்தி மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. அவற்றில் 4,065 தனித்தனி யானைகள் அடையாளம் காணப்பட்டன.

மீதியைக் கணக்கிடும் வழி எளிது. ஏரியில் நூறு மீன் பிடித்து, செதிலில் குறியிட்டு விடுகிறோம். மறுநாள் வலை வீசினால் வந்த மீன்களில் பத்தில் ஒன்றுக்குக் குறி இருக்கிறது. அப்படியானால் ஏரியில் ஏறக்குறைய ஆயிரம் மீன் இருக்கும். யானைக்கு டி.என்.ஏ.யே குறி. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் 22,446 யானைகள். கர்நாடகத்தில் 6,013, தமிழ்நாட்டில் 3,136, கேரளத்தில் 2,785. முந்தைய கணக்கைவிட இது குறைவாகத் தோன்றினாலும் யானை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணிய முறையே வேறு. எங்கே எத்தனை என்று தெரிந்தால்தான் வேலி, அகழி, காவல் ஆட்கள் ஆகியவற்றுக்கு எங்கே செலவிடுவது என்று முடிவு செய்ய முடியும். இதைத்தான் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

இலத்தி திருடனையும் பிடித்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் சாமுவேல் வாசர் ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் யானை இலத்தி சேகரித்து, எந்தப் பகுதி யானைக்கு எந்த மரபு அடையாளம் என்று வரைபடமே தயாரித்தார். 2002-இல் சிங்கப்பூரில் ஆறரை டன் தந்தம் பிடிபட்டது. பல நாடுகளில் சேர்த்ததாக இருக்கும் என்று எண்ணினார்கள். தந்தத்தைக் கடும் குளிரில் உறைய வைத்துப் பொடியாக்கி, டி.என்.ஏ.யை எடுத்து வரைபடத்தோடு ஒப்பிட்டபோது, சாம்பியாவை நடுவாகக் கொண்ட ஒரே வட்டாரத்து யானைகள் என்று தெரிந்தது. காவல் எங்கே ஓட்டையாக இருந்தது என்பதும் அதோடு தெரிந்துபோயிற்று.

வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். ஆனால் நன்றாக உலர்ந்திருந்தால் நெடுங்காலம் நிற்கும். உலர்ந்த விதை முளைப்புத்திறன் கெடாமல் இருப்பதுபோல. குவாகா என்று ஒரு வரிக்குதிரை தென்னாப்பிரிக்காவில் இருந்தது. கடைசிக் குவாகா 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் செத்தது. அருங்காட்சியகத்தில் இருந்த அதன் பழைய தோலிலிருந்து 1984-இல் டி.என்.ஏ.யை எடுத்துப் படித்தார்கள். அழிந்த விலங்கு ஒன்றின் டி.என்.ஏ. படிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

நம் புலிக்கும் இது செய்யப்பட்டது. வெள்ளையர் காலத்தில் வேட்டையாடிக் கொண்டுபோன புலித்தோல்களும் எலும்புகளும் பிரிட்டன் அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் அவற்றை இன்றைய புலிகளோடு ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்வழியாக மட்டும் வரும் டி.என்.ஏ. வகைகளில், அன்று இருந்தவற்றில் நூற்றுக்கு 93 இன்றைய புலிகளில் காணப்படவில்லை. தாத்தா காலத்து நெல் ரகங்களின் பெயரை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். புலியின் எண்ணிக்கை மறுபடி கூடலாம். போன ரகம் வராது. அதனால்தான் ஒரு காட்டுப் புலி இன்னொரு காட்டுக்குப் போக இடைவழிகள் திறந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள்.

ஒரு புலி போனால் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 செப்டம்பரில் நீலகிரி மாவட்டம் அவலாஞ்சி அருகே ஓடையோரம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு பசுவின் பிணம். அதில் நஞ்சு இருந்ததை ஆய்வகம் உறுதி செய்தது. பசுவைப் பறிகொடுத்தவரே கைது செய்யப்பட்டார். பசுவும் போய், இழப்பீடு கேட்க வேண்டியவர் குற்றவாளியாக நிற்க நேர்ந்தது. அவருடைய ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிணத்தில் வைக்கும் நஞ்சுக்கு எந்தப் புலி, எந்தக் கழுகு, யார் வீட்டு நாய் என்ற பேதம் கிடையாது.

ஆகவே உங்கள் பட்டியில் இப்படி நேர்ந்தால், பிணத்தை உடனே புதைக்கவோ கழுவவோ வேண்டாம். பிளீச்சிங் பவுடர் தூவினால் டி.என்.ஏ. அழிந்துவிடும். வெறுங்கையால் காயத்தைத் தொடாதீர்கள். வெறிநோய் அபாயமும் உண்டு. ஆடு சிறிதாக இருந்தால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினால் நாயும் காக்கையும் அண்டா. பெரிய மாடாக இருந்தால் மேலே நிழல் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் கெடும். கால்தடத்தையும் கடிவாயையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி அனுப்புங்கள். எச்சில் மாதிரியை நீங்களே எடுக்க முயல வேண்டாம். யார் எடுத்தது, யார் கையில் இருந்தது என்று எழுத்தில் இல்லாத மாதிரி நீதிமன்றத்தில் நிற்காது. முள்வேலியில் உரோமம் சிக்கியிருந்தால் அதையும் அப்படியே விட்டுவைத்து, வருபவரிடம் காட்டுங்கள்.